எஃகினுள் ஒளிந்த நீரகம்

திருச்சிராப்பள்ளியில், பழஞ்சோழர் தலைநகராய் விளங்கிய உறையூருக்கு அணித்தாக உள்ளது தில்லை நகர். அதன் குறுக்குத் தெருக்கள் எண்ணால் பெயர் பெற்றவை. அத்தெருக்களில் புதுவீடு எழும்பும் இடந்தோறும், வாயிற் கதவும் சன்னற் கம்பியும் பற்றவைக்கும் தொழிலாளர் வந்து அமர்வர். கம்பியின் நுனி இரும்பைத் தொட்டதும் நீலவொளி வெடித்துப் பாயும். தீப்பொறிகள் பூவாணம் போலச் சிதறும். வழியிற் செல்லும் சிறுவர் நின்று வேடிக்கை பார்ப்பர். "பார்க்காதே தம்பி, கண் கெட்டுவிடும்" என்று தொழிலாளர் முகமூடிக்குள்ளிருந்தே எச்சரிப்பார். சிறிது நேரத்தில் இரண்டு துண்டுகள் ஒன்றாகிவிடும். கசடைச் சுத்தியால் தட்டி, மையைப் பூசிக் கதவை நிறுத்திவிட்டால் அது பல்லாண்டுகள் நிற்கும். பற்றவைக்கும்போது அவ்விரும்பினுள் என்ன புகுந்தது என்று ஒருவரும் வினவுவதில்லை; ஒரு வீட்டுக் கதவுக்கு அவ்வினா வேண்டுவதும் இல்லை.

அதே ஊரில், தஞ்சைச் சாலையில் கிழக்கே சென்றால் திருவெறும்பூரை அடையலாம். அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை உள்ளது. செக்கோஸ்லோவாகிய நாட்டின் துணையுடன் அமைக்கப்பெற்ற அத்தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டு முதல் கொதிகலன்களைச் செய்து வருகின்றது. அனல்மின் நிலையங்களில் நீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுழற்றுவன இக்கொதிகலன்களே. பெரிய கொதிகலன் ஒன்றின் உள்ளே நீராவி காற்றுமண்டல அழுத்தத்தைப் போல நூற்றெழுபது மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்தோடு முட்டி நிற்கும். அதனைத் தாங்கும் எஃகு உருளையின் சுவர் நான்கு அங்குலத்திற்கு மேல் தடிப்புடையது. தில்லை நகர்த் தெருவிற் கண்ட அதே பற்றவைப்புத் தொழில்தான் இங்கும் நிகழ்கின்றது. ஆயின் இங்கே ஒரு பற்று விட்டுப்போனால் அது கதவு கழன்று விழுவது போன்ற சிறு செய்தியாகாது. அருகில் நிற்போர் உயிரைக் குடிக்கும் பேரிடராகும். பற்றவைப்பினை ஆராய்வதற்கென்றே 1975-இல் ஒரு தனி ஆராய்ச்சி நிலையமும் அவ்வளாகத்தில் நிறுவப்பெற்றது.

வலிமை மிக்க எஃகைப் பற்றவைப்போர் கையாளும் வழக்கம் ஒன்று புதியவர்க்கு விந்தையாகத் தோன்றும். பற்று நன்கு ஆறிய பின்னும் அதனை உடனே சோதித்துச் சான்று தருவதில்லை. இரண்டு நாள் காத்திருந்து பிறகே சோதிக்கின்றனர். இன்று மாசு மறுவின்றித் தோன்றும் பற்றில் நாளை மாலை ஒரு வெடிப்பு ஓடியிருத்தல் கூடும். யாரும் தொடவில்லை, சுமை ஏற்றவில்லை, தீ மூட்டவில்லை. பின், வெடிப்பு எங்கிருந்து வந்தது?

அதனை விளைவிப்பது நீரகம். ஹைட்ரஜன் என்று உலகம் வழங்கும் அவ்வளியே தனிமங்கள் அனைத்தினும் நுண்ணியது, இலேசானது. அஃது எஃகினுள் புகும் வழியும் நமக்கு மிகப் பழகியதே, ஈரந்தான் அவ்வழி. பற்றவைக்கும் கம்பியின் மேற்பூச்சு, காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கின்றது. மின்வில்லின் கடுவெப்பத்தில் அந்நீர் நீரகமாகவும் உயிரகமாகவும் பிரிகின்றது. உருகிய இரும்பு நீரகத்தை மிகுதியாக ஏற்கும். இறுகிய இரும்பு அவ்வளவு ஏற்காது. ஆகவே பற்று இறுகும்போது, உள்ளே சென்ற நீரகம் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றது. இதனால்தான் பயிற்சி மிக்க தொழிலாளர் அத்தகைய கம்பிகளை ஏறத்தாழ 300 முதல் 350 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் வாட்டி, சூடு குறையாத பெட்டியில் வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துகின்றனர். ஐப்பசி கார்த்திகை மழையில் இவ்வெச்சரிக்கை இருமடங்காகும். மழைநாளில் அப்பளத்தைத் தகரப் பெட்டியில் மூடி வைக்கும் இல்லத்தரசியார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நீரகம் இரும்பைக் கெடுக்கும் என்பதை முதன்முதல் தெளிவாக எழுதியவர் இங்கிலாந்து நாட்டு ஜான்சன் என்பார். 1875-ஆம் ஆண்டு அவர் செய்த சோதனை மிக எளியது. நல்ல இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தால், அதனை மடக்கி நிமிர்த்தி மீண்டும் மடக்கலாம். இரண்டு மூன்று முறை வரை தாங்கும். அதே கம்பியைச் சில நிமிடம் வலிய அமிலத்தில் இட்டு எடுத்தபோது, ஒரு முறை மடக்கியதுமே அஃது ஒடிந்தது. ஒடிந்த வாயை ஈரப்படுத்திய பொழுது அங்கிருந்து சிறு குமிழ்கள் நுரைத்தெழுந்தன. சில நாள் சும்மா விட்டு வைத்த கம்பியோ தன் பழைய குணத்தை மீண்டும் பெற்றது. வந்தது எதுவோ, அது வந்தவாறே வெளியேறவும் வல்லது என்பதை அவர் கண்டார். இரும்போடு சேர்ந்து நீரகத்தை வெளிப்படுத்தும் அமிலங்களே இக்கேட்டினைச் செய்கின்றன என்பதையும் உணர்ந்தார். இக்காலத்துப் பெருங்கருவிகள் ஒன்றுமின்றி, கம்பியும் அமிலமும் கண்ணும் கொண்டே இவ்வளவும் அறிந்தமை பாராட்டத்தக்கது.

எவ்வளவு நீரகம் புகுந்தால் தீங்கு நேரும்? நன்றாக வாட்டிய கம்பியைக் கொண்டு பற்றவைத்தால், 100 கிராம் பற்றுலோகத்தில் 5 கன சென்டிமீட்டர் நீரகம், அல்லது அதனினும் குறைவாக இருக்கும். வாட்டாத கம்பியாயின் அதனைப் போலப் பன்மடங்கு மிகும். 5 கன சென்டிமீட்டர் என்பது ஒரு தேக்கரண்டி அளவு. அதன் எடையோ அரை மில்லிகிராமுக்கும் குறைவு. அணுக்கணக்கிற் சொன்னால், ஏறக்குறைய நாலாயிரம் இரும்பணுக்களுக்கு ஒரு நீரக அணு. திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தை மனத்திற் கொள்க. அத்தகைய மண்டபங்கள் நான்கினை ஒருங்கே அமைத்து, ஒவ்வொரு தூணையும் ஓர் இரும்பணுவாகக் கருதினால், அத்தனை தூண்களுக்கும் இடையே பறந்து திரியும் ஒற்றைக் குருவியே நீரக அணு. மண்டபம் பெரிது, குருவி சிறிது என்று இருந்துவிட இயலாது. இக்குருவிகள் ஓரிடத்தில் தங்குவன அல்ல. எஃகு ஆறிக் குளிர்ந்த பின்னும், அணுக்களின் இடைவெளிகளினூடே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிச் சென்றுகொண்டே இருக்கும். எஃகு எங்கே இழுபட்டு விரிந்து நிற்கின்றதோ, அங்கே அவை வந்து கூடும். ஒரு நுண்ணிய வெடிப்பின் நுனி அத்தகைய இடமாகும். பல மண்டபங்களின் குருவிகள் ஒரு விரிசலில் வந்து குவிகின்றன. அங்கே இரும்பணுக்களின் பிணைப்புத் தளர்கின்றது; வெடிப்பு ஒரு சிறிது முன்னேறுகின்றது; குருவிகள் மீண்டும் அதன் நுனிக்கே செல்கின்றன. இரண்டு நாள் காத்திருப்பதன் காரணம் இதுவே. பிணைப்புத் தளர்வது எவ்வாறு என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்பட்டிலர். மென்மையான எஃகு இதனை ஒருவாறு தாங்குகின்றது. வலிமை மிக்க எஃகே எளிதில் முறிகின்றது என்பதில் மட்டும் ஐயமில்லை.

எஃகினுள் உள்ள நீரகத்தின் மொத்த அளவைக் காண்பது நெடுநாளாகக் கைவந்த முறை. பற்றவைத்த துண்டை உடனே கடுங்குளிரில் அமிழ்த்தி நீரகம் தப்பாமற் காத்து, பின்னர் அதனைப் பாதரசத்தின் கீழோ, சூடேற்றிய குழாயினுள்ளோ வைத்து, வெளிவரும் வளியை அளப்பர். ஆனால் இவ்வளவை எத்தனை என்று கூறுமேயன்றி எங்கே என்று கூறாது. வெண்பா ஒன்றில் தளை தட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 'இச்செய்யுளில் ஓரசை மிகுந்துள்ளது' என்று மட்டும் ஒருவர் சொல்லி அகன்றால் புலவனுக்கு என்ன பயன்? எந்த அடியில், எந்தச் சீரில் என்று அறிந்தாலன்றோ திருத்த இயலும்? எஃகின் நிலையும் அத்தகையதே. எஃகு நாம் எண்ணுவது போல ஒரே சீரான பொருளன்று. அது சிறுசிறு மணிகள் நெருங்கி இறுகிய ஒரு திரள். மணிக்கும் மணிக்கும் இடையே எல்லை உண்டு. அணுக்களின் வரிசை பிறழ்ந்த இழைகள் உள்ளே ஓடும். கரியும் பிற உலோகங்களும் சேர்ந்த நுண்துகள்கள் ஆங்காங்கே பதிந்திருக்கும். நீரகம் மணியெல்லையில் தங்கினால் ஒரு விளைவு. துகளினுள் சிறைப்பட்டால் மற்றொரு விளைவு. ஆகவே அணு அணுவாக அதன் இருப்பிடத்தைக் காண வேண்டியதாயிற்று.

அணு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. எழுத்தின் பிறப்பைக் கூறவந்த பவணந்தியார் தம் நன்னூலில் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். ஆயினும் அணுவைக் கண்ணாற் கண்டவர் என்று சொல்லத்தக்கவர் 1955-ஆம் ஆண்டு வரை ஒருவருமில்லர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்காவில் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது நிகழ்ந்தது. எர்வின் முல்லர் என்னும் செருமானியப் பேராசிரியரும், அவரிடம் ஆராய்ச்சி செய்த கன்வர் பகதூர் என்னும் இந்திய மாணவரும் டங்ஸ்டன் உலோகத்தால் ஆன மிகக் கூரிய ஊசியொன்றின் நுனியைக் குளிரூட்டி, அதன்மீது உயர் மின்னழுத்தம் ஏற்றினர். கருவியினுள் நிறைத்திருந்த ஹீலிய வளியின் அணுக்கள் ஊசிமுனையில் துருத்தி நின்ற ஒவ்வோர் அணுவின் மேலும் மின்னேற்றம் பெற்று, எதிரே இருந்த திரையை நோக்கிப் பாய்ந்தன. திரையில் ஒழுங்காகக் கோலமிட்ட புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணுவின் உரு. முல்லரின் பெயரை அறிவியல் நூல்கள் மறவாமற் கூறுகின்றன. கன்வர் பகதூரின் பெயரோ நம் நாட்டுப் பாடநூல்களிலும் அருகியே காணப்படுகின்றது.

அன்று கண்டது அணுவின் உருவை. அஃது எந்த அணு என்பதை அன்று. அக்குறை 1967-இல் நீங்கியது. முல்லரும் அவர்தம் துணைவர் பானிட்சு, மக்லேன் என்போரும் அணு ஆய்வூசி என்று சொல்லத்தக்க கருவியை அவ்வாண்டில் வெளிப்படுத்தினர். அதன் நுட்பம் இது. ஆராய வேண்டிய உலோகத்தை ஊசியாகச் சீவுவர். ஊசிமுனையின் பருமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூற்றின் அளவினது. வெற்றிடத்தில், உறையவைக்கும் குளிரில், சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தத்தை அதன்மேல் ஏற்றுவர். பின்பு அம்மின்னழுத்தத்தை ஒரு கணம் சிறிது உயர்த்துவர். அல்லது ஒளிக்கற்றை ஒன்றை நொடிப்பொழுது பாய்ச்சுவர். உடனே முனையிலிருந்து ஓர் அணு பெயர்ந்து பறந்து போய், எதிரேயுள்ள உணர்கருவியில் விழும். விழுந்த இடத்தைக் கொண்டு அது முனையில் எங்கிருந்தது என்று அறியலாம். பறந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு அஃது எந்தத் தனிமம் என்று அறியலாம். முறத்தில் தூற்றும்போது பதர் முந்திப் பறப்பது போல, இலேசான அணு விரைந்து வரும். கனத்த அணு பின்தங்கும். இவ்வாறு அடுக்கடுக்காக ஊசி தேயத் தேய, கோடிக்கணக்கான அணுக்களின் இடமும் இனமும் கணக்கில் ஏறும். கணிப்பொறி அவற்றையெல்லாம் மீண்டும் பழைய இடத்தில் அடுக்கிக் காட்டும். பறந்த அணுக்கள் அனைத்தும் பிடிபடுவதில்லை. இன்றைய கருவிகளிலும் பாதி முதல் ஐந்தில் நான்கு பங்கு வரையே பிடிபடுகின்றன. ஓலைச்சுவடியில் செல்லரித்தது போக எஞ்சிய எழுத்துக்களைக் கொண்டு பாட்டை மீட்பதற்கு ஒப்பான செயல் இது.

இத்துணை நுட்பமான கருவியையும் நீரகம் ஏய்த்தது. ஊசியைச் செய்து கருவியினுள் வைத்து முடிப்பதற்குள், அந்நுண்ணிய முனையினின்றும் நீரகம் ஓடிப்போய்விடுகின்றது. ஓடாமல் நின்றதைக் கண்டோம் என்று மகிழவும் இயலாது. எத்துணைத் திறமாக வெற்றிடமாக்கினும் கருவியின் எஃகுச் சுவர்களிலிருந்து நீரகம் கசிந்து வந்து முனையில் ஒட்டிக்கொள்ளும். பிடிபட்டது ஊசிக்குள் இருந்த நீரகமா, வெளியிலிருந்து வந்த நீரகமா என்று பிரித்தறிவது எங்ஙனம்? திருடனைத் தேடும் காவலரிடையே திருடனும் காவலுடை அணிந்து நின்றது போலாயிற்று.

இதற்கு அறிஞர் கண்ட வழி, நீரகத்திற்கு அடையாளமிடுதல். நீரகத்தில் கனத்த வகை ஒன்று உண்டு. அதனைக் கனநீரகம் என்பர். டியூட்டீரியம் என்பதும் அதுவே. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தில் பயன்படும் கனநீர், இக்கனநீரகத்தால் ஆயது. குணத்தில் நீரகத்தைப் பெரிதும் ஒத்து, எடையில் மட்டும் இருமடங்காக நிற்பது. இயற்கை நீரகத்தில் ஏறத்தாழ 6,400 அணுக்களுக்கு ஒன்றே இவ்வகையினது. ஆகவே எஃகினுள் கனநீரகத்தைச் செலுத்திவிட்டுத் தேடினால், பிடிபடும் கனநீரகம் நாம் செலுத்தியதே என்று துணியலாம். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண நீரக அணுக்கள் இரண்டு இணைந்து பறந்து வந்தால் அவற்றின் எடையும் கனநீரகத்தின் எடையும் ஒன்றாகிவிடும். அத்தகைய இணைகள் மிகக் குறைவாகத் தோன்றும்படி மின்னழுத்தத்தை அமைத்தே வேலை செய்கின்றனர். ஓட்டத்தைத் தடுப்பதற்குக் குளிரே துணையாயிற்று. கனநீரகம் ஏற்றிய ஊசியை உடனே உறையவைத்து, அக்குளிர் சிறிதும் மாறாமல் கருவியினுள் கொண்டு சேர்த்தனர்.

இம்முறையால் 2017-ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், எஃகினுள் தனித்தனி நீரக அணுக்கள் இருக்கும் இடத்தை நேரிற் கண்டு வெளியிட்டனர். அவர்கள் எடுத்த எஃகில் வனேடியம் முதலிய உலோகங்கள் கரியோடு சேர்ந்த நுண்துகள்கள் பரவியிருந்தன. அத்துகள்களின் மேற்பரப்பிலேதான் நீரகம் ஒட்டியிருக்கும் என்று பலர் எண்ணியிருந்தனர். கருவி காட்டியதோ வேறு. துகளின் நடுவிலேயே நீரகம் குடிபுகுந்திருந்தது. 2020-இல் ஆத்திரேலிய நாட்டுச் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் மேலும் ஒரு படி சென்றனர். வரிசை பிறழ்ந்த இழைகளிலும் மணியெல்லைகளிலும் நீரகம் தங்கியிருப்பதை அவர்கள் காட்டினர். நியோபியமும் கரியும் சேர்ந்த துகளாயின், அதற்கும் சுற்றியுள்ள இரும்பிற்கும் இடையேயான எல்லையில் அது சிறைப்பட்டிருப்பதையும் கண்டனர். ஆக, துகளின் வகைக்கேற்ப நீரகத்தின் சிறையும் மாறுகின்றது. இஃது ஏட்டறிவோடு நிற்கும் செய்தியன்று. தக்க துகள்களைத் தக்க அளவில் எஃகினுள் விதைத்து வைத்தால், திரியும் நீரகத்தை வெடிப்பின் நுனிக்குச் செல்லவிடாமல் அங்கங்கே பிடித்து நிறுத்தும் எஃகை ஆக்கலாம் என்னும் நம்பிக்கை இதனாற் பிறந்தது. அவ்வெஃகிற்குத் தேவை வளர்ந்தும் வருகின்றது. 2025-இல் சென்னைப் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் நீரகத்தால் ஓடும் வண்டியின் பெட்டி சோதிக்கப்பெற்றது. எந்த வளி இரும்பைக் கெடுக்குமோ, அதனையே இனி உருளைகளில் அடைத்தும் குழாய்களிற் செலுத்தியும் எரிபொருளாகக் கொள்ளவிருக்கின்றோம்.

அணு ஆய்வூசிக் கருவி இப்போது தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் அதற்கெனத் தேசிய ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. பிற ஊர்களில் உள்ள ஆராய்ச்சியாளர் தம் இடத்திலிருந்தே அக்கருவியை இயக்கவும் ஏற்பாடு உள்ளது. ஊசிமுனையைச் சீவுவதற்கு அரமோ சாணையோ உதவாது. மின்னேற்ற அணுக்களின் மெல்லிய கற்றையைக் கத்தியாகக் கொண்டு, உருப்பெருக்கியில் நோக்கியவாறே செதுக்குகின்றனர். செதுக்கி முடித்த முனை ஆய்வின் நடுவே மின்விசையால் முறிந்துபோதலும் உண்டு. முறிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இக்கருவி இன்னும் காட்டாதது ஒன்று உண்டு. உறைந்து அசைவற்றுக் கிடக்கும் எஃகில் நீரகம் இருந்த இடத்தையே அது காட்டுகின்றது. சுமை தாங்கி நிற்கும் எஃகில், வெடிப்பு ஓடும் அந்தக் கணத்தில், நீரகம் செய்யும் செயலை அது காட்டுவதில்லை. மேலும் ஓர் ஊசிமுனையில் அடங்கும் எஃகு கண்ணுக்குப் புலனாகாத் துளி. ஒரு கொதிகலன் உருளையின் எடையோ நூறு டன்னைக் கடக்கும். அத்துளியிற் கண்டதை அவ்வுருளைக்கு ஏற்றிச் சொல்வதற்கு ஊசிகள் பல வேண்டும், ஆண்டுகளும் பல வேண்டும். அதுகாறும் பற்றவைப்போர் கம்பியை வாட்டி, எஃகை முன்கூட்டிச் சூடேற்றி, பற்று முடிந்ததும் மெல்ல ஆறவிட்டு, இரண்டு நாள் கழித்தே அதனைச் சோதிக்க வருகின்றனர்.